குவில்ட்டும் ஜீன்ஸும் கேன்வாஸும்: ஒரு மெஷின் போதுமா?

"ஹெவி டூட்டி என்று போட்டிருக்கும் மெஷின்களில் எது நல்லது, மோட்டார் எத்தனை வாட் இருக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் விஷயம் அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் நாலு வரியில்தான் இருக்கிறது. வருஷத்துக்கு நாலைந்து குவில்ட் தைக்கிறீர்கள், அதில் ஒன்றிரண்டு பெரிய கட்டில் அளவு. அவ்வப்போது வீட்டிலுள்ளவர்களின் ஜீன்ஸை ஓரம் மடித்து அடிக்கிறீர்கள். இப்போது கேன்வாஸ் பை தைக்க ஆசை வந்திருக்கிறது. கையில் இருக்கும் மெஷினோ தடித்த இடம் வந்தால் முனகிக்கொண்டு நிற்கிறது, தையல் தாண்டுகிறது. அப்படியானால் கேள்வி இதுதான்: இந்த மூன்று வேலையையும் ஒரே மெஷின் செய்யுமா, செய்யாதென்றால் எதை விட்டுக்கொடுப்பது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். வாட் கணக்கும் நடுவில் வரும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பை தைக்கும் பட்டறையில் ஆறு வருஷம் மெஷினில் உட்கார்ந்தவன். அதன் பிறகு இருபத்திரண்டு வருஷமாக மெஷின் பழுது பார்க்கிறேன். குவில்ட்டில் என் கைப்பழக்கம் கம்மி, மொத்தமே மூன்று தைத்திருக்கிறேன். ஆனால் குவில்ட் தைப்பவர்களின் மெஷின்களை நிறையத் திறந்து பார்த்திருக்கிறேன். சட்டத்தில் குவில்ட்டை விரித்துக் கட்டி, மெஷினை அதன் மேல் ஓட்டித் தைக்கும் பெரிய மெஷின்களை நான் ஓட்டியதில்லை. அதனால் அதைப் பற்றிப் பேசப் போவதில்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். குவில்ட்டின் தடிமனும் ஜீன்ஸின் தடிமனும் ஒன்றல்ல. குவில்ட் என்பது மேலே ஒரு பருத்தித்துணி, கீழே ஒன்று, நடுவில் பஞ்சு விரிப்பு. பார்க்கத்தான் தடிமன். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டை இறக்கினால் அமுங்கிவிடும், ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். அங்கே தொல்லை இரண்டு: மூன்று அடுக்கும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், மொத்த விரிப்பையும் மெஷினின் கைக்கு அடியில் திணிக்க வேண்டும். ஜீன்ஸ் இதற்கு நேர்மாறு. அளவு சின்னது, ஆனால் கெட்டி. கால் உள்பக்கத் தையலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து அடித்த அந்தத் தையலில் துணி நாலு அடுக்கு. கீழ் ஓரத்தை இரண்டு முறை மடித்தால் அது மூன்று மடங்காகி 12 அடுக்கு. சதுர கஜத்துக்கு 12 அவுன்ஸ் கனமுள்ள டெனிம், அதாவது ஜீன்ஸ் துணி, சதுர மீட்டருக்கு 400 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக எடை வரும். அப்படி 12 அடுக்கை ஊசி துளைக்க வேண்டும், அதுவும் அரை அங்குல தூரத்துக்கு மட்டும். அந்த அரை அங்குலத்துக்கு முன்னும் பின்னும் மூன்றே அடுக்குதான். கேன்வாஸ் பையில் கைப்பிடி சேரும் இடமும் இப்படித்தான். ஆக, குவில்ட்டுக்கு இடமும் சீரான நகர்வும் வேண்டும், கெட்டித்துணிக்குத் துளைக்கும் பலமும் ஃபுட் உயரமும் வேண்டும். இரண்டையும் விளம்பரத்தில் ஒரே வார்த்தைக்குள் அடக்கிவிடுகிறார்கள்.

அந்த "ஹெவி டூட்டி" என்ற சொல்லுக்கு எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. யாரும் எந்த மெஷினிலும் ஒட்டிக்கொள்ளலாம். உள்ளே உலோகச் சட்டம் இருக்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் அது குறிக்கும். நல்லதுதான், ஆனால் இன்று வீட்டு மெஷின்களில் பலவற்றிலும் அது உண்டு. நானும் ஏமாந்தவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில் அந்த எழுத்தைப் பார்த்து ஒரு மெஷின் வாங்கித் தார்ப்பாய்ப் பை தைக்க உட்கார்ந்தேன். இரண்டாவது வாரம் ஊசி வளைந்து, கீழே மேல்நூலைப் பிடித்துக் கோக்கும் ஹூக்கில் அடித்தது. ஹூக் முனையில் விழுந்த அந்தக் கீறலால் அதற்குப் பிறகு மெல்லிய துணியில்கூட நூல் அறுந்தது. மெஷின் மோசமில்லை, நான் கொடுத்த வேலைதான் அதற்கு உரியதல்ல. பெயர் சொல்ல விருப்பமில்லை.

வாட் கணக்கும் அதே மாதிரிதான். பெட்டியில் போட்டிருக்கும் 70 வாட், 90 வாட் எல்லாம் மோட்டார் எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்பது. ஊசி முனைக்கு எவ்வளவு பலம் வந்து சேர்கிறது என்று அது சொல்லாது. கெட்டித்துணியில் நமக்குத் தேவை மெதுவாகப் போகும்போதும் குறையாத பலம். பழைய மாதிரிப் பெடல் மின்சாரத்தைக் குறைத்துத்தான் வேகத்தைக் குறைக்கும், அதனால் மெதுவாகப் போனால் பலமும் போய்விடும். தடித்த இடத்தில் உங்கள் மெஷின் முனகிக்கொண்டு நிற்பதும், நீங்கள் பெடலை இன்னும் அழுத்த அது திடீரென்று பாய்வதும் இதனால்தான். மின்னணுக் கட்டுப்பாடு உள்ள மெஷின், வேகம் குறைவாக இருக்கும்போதும் மோட்டாருக்குத் தேவையானதைக் கொடுத்துவிடும். 70 வாட் மெஷின் ஒன்று 100 வாட் மெஷினைவிட நன்றாகத் துளைப்பதைப் பார்த்திருக்கிறேன். நிமிஷத்துக்கு 1,100 தையல், 1,500 தையல் என்ற கணக்கும் கெட்டித்துணிக்கு உதவாது. அங்கே வேகமாகப் போனால் ஊசி சூடாகும், பாலியஸ்டர் நூல் இளகி அறுந்துபோகும்.

தையல் ஏன் தாண்டுகிறது என்பது புரிந்தால் மெஷின் வாங்குவதில் பாதி தெளிவு வந்துவிடும். ஊசி கீழே போய், திரும்ப ஏறத் தொடங்கி இரண்டு மில்லிமீட்டரை ஒட்டி மேலே வரும்போது, நூல் துணியில் பிடிபட்டு ஊசிக்கண்ணுக்குப் பின்னால் ஒரு சின்ன வளையமாகப் புடைக்கும். ஹூக் முனை அந்த நொடியில் வந்து வளையத்தைக் கொத்திக்கொண்டு போக வேண்டும். அவ்வளவு நுணுக்கமான இடம் அது. மூன்று காரணங்களால் அது கெடும். ஒன்று, மெல்லிய ஊசி கெட்டித்துணியில் வளைந்து ஹூக்கிலிருந்து விலகிப் போகும். இரண்டு, ஊசி ஏறும்போது துணியும் கூடவே ஒட்டிக்கொண்டு ஏறும், வளையம் புடைக்காது. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. மேட்டில் ஏறும்போது ஃபுட்டின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்பக்கம் காற்றில் நிற்கும். துணியை யாரும் அழுத்திப் பிடிக்கவில்லை, அதனால் அதுவும் ஊசியோடு ஏறும். இந்த மூன்றில் ஒன்றுகூட மோட்டார் சம்பந்தப்பட்டதல்ல.

அதனால் புதியது வாங்குவதற்கு முன் பழையதில் ஒரு சோதனை செய்யுங்கள். ஜீன்ஸ் ஊசி என்று தனியாகக் கிடைக்கும், 100/16 எண் வாங்குங்கள். முதல் எண் ஊசியின் கனம், 100 என்றால் 1 மி.மீ. சாதாரணத் தையலுக்குப் போடும் 80/12 ஊசி 0.8 மி.மீ.தான். மிகக் கெட்டியான இடத்துக்கு 110/18 போடலாம், ஆனால் உங்கள் மெஷின் புத்தகத்தில் அந்த அளவு அனுமதித்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு மேடு வரும் இடத்தைச் சின்னச் சுத்தியலால் நாலு தட்டு தட்டித் தட்டையாக்குங்கள். பை பட்டறையில் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். மேட்டில் ஏறும்போது ஊசியைத் துணிக்குள் இறக்கி, ஃபுட்டைத் தூக்கி, அதன் பின்பக்கம் மடித்த துணித்துண்டோ அட்டையோ வைத்து மட்டமாக்கிவிட்டு மேலே போங்கள். அந்த இடத்தில் பெடலை விட்டுவிட்டுக் கைச்சக்கரத்தைச் சுற்றியே தைத்தாலும் தப்பில்லை. என்னிடம் "ஜீன்ஸ் தைக்க மாட்டேன்கிறது" என்று வரும் மெஷின்களில் பாதிக்கு மேல் ஊசி மாற்றியதோடு திரும்பிப் போகின்றன. உங்களுடையதும் அதோடு சரியாகிவிட்டால், புதிய மெஷினைக் குவில்ட்டை மட்டும் மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்கலாம்.

சரி, வாங்குவதென்றே வைத்துக்கொள்வோம். கெட்டித்துணிக்குப் பார்க்க வேண்டியது ஃபுட் எவ்வளவு உயரம் தூக்கும் என்பது. வீட்டு மெஷினில் நெம்புகோலைத் தூக்கினால் 6 மி.மீ. அளவுக்கு நிற்கும், இன்னும் அழுத்திப் பிடித்தால் சிலவற்றில் 8, 9 மி.மீ. வரை போகும். பட்டறைகளில் இருக்கும் பவர் மெஷினில் முழங்காலால் தூக்கினால் 13 மி.மீ. கிடைக்கும். பஞ்சு கனமான குவில்ட்டை உள்ளே நுழைக்கவும் இந்த உயரம் உதவும். அடுத்தது ஃபுட் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. விலை குறைந்த மாடல்களில் அதை விட்டுவிடுகிறார்கள். அது இல்லாத மெஷினைக் குவில்ட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். பஞ்சு விரிப்பில் அழுத்தம் கூடினால் மேல்துணி முன்னால் தள்ளப்பட்டுச் சுருக்கம் விழும்.

நகர்வு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், குவில்ட்டின் உயிர் அங்கேதான். சாதாரண மெஷினில் கீழே இருக்கும் பல் கீழ்த்துணியை மட்டும் இழுக்கும். மேல்துணியை ஃபுட் தேய்த்துப் பின்தங்க வைக்கும். சின்னத் தையலில் இது தெரியாது. இரண்டு மீட்டர் நேர்கோட்டில் தைத்துக்கொண்டு போனால் கடைசியில் மேல்துணி மிஞ்சி நிற்கும். இதற்கு மூன்று தீர்வு இருக்கிறது. முதலாவது வாக்கிங் ஃபுட், தனியாக வாங்கி மாட்டுவது. அதில் மேலேயும் பல் உண்டு, ஊசித் திருகின் மேல் உட்காரும் ஒரு கை அதை இயக்கும். நேர்கோட்டுக் குவில்ட்டுக்கு இதுவே தாராளம். ஆனால் அது ஃபுட்டுக்கு அடியில் கொஞ்சம் உயரத்தைத் தின்றுவிடும். இரண்டாவது, மெஷினோடேயே வரும் மேல்நகர்வு. பாஃப் நிறுவனம் 1968 முதல் ஐடிடி என்ற பெயரில் இதைச் செய்கிறது, வேறு நிறுவனங்களும் தங்கள் வழியில் செய்கின்றன. தேவையில்லாதபோது விலக்கிவிடலாம், வசதிதான். மூன்றாவது, ஊசி, ஃபுட், பல் மூன்றும் ஒன்றாக நகரும் தொழிற்சாலை மெஷின். தோல், பாய்மரத்துணி, தடித்த கேன்வாஸ் எல்லாம் அதன் சாம்ராஜ்யம். ஆனால் மெல்லிய பருத்தியில் அதன் பல் தழும்பு வைக்கும். குவில்ட்டின் சின்னத் துண்டுகளைக் கால் அங்குல ஓரம் விட்டு இணைக்கும் வேலைக்கு அதைக் கொண்டுவருவது, பூ தொடுக்கக் கடப்பாரையை எடுப்பது மாதிரி.

துணியை நாமே கையால் நகர்த்திப் பூவும் கொடியும் வரைவதற்குப் பல்லைக் கீழே இறக்கும் வசதி வேண்டும். பெரும்பாலான பவர் மெஷின்களில் அது கிடையாது. வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஊசிக்கு அடியில் போட, நேர்த்தையலுக்கு மட்டுமான ஒற்றைத்துளைத் தட்டு கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். ஜிக்ஜாகுக்கான அகலத் துளையில் மெல்லிய துணியின் ஓரம் உள்ளே இழுபடும்.

அடுத்து இடம். ஊசிக்கும் மெஷினின் வலப்பக்கத் தூணுக்கும் நடுவில் இருக்கும் கை இடைவெளி சாதாரண வீட்டு மெஷினில் ஆறிலிருந்து ஏழு அங்குலம். குவில்ட்டுக்கென்று செய்தவற்றில் எட்டரையிலிருந்து பதினொன்று வரை. கட்டில் குவில்ட் 90 அங்குல அகலம் என்றால், நடுவில் தைக்கும்போது 45 அங்குலம் சுருளாகவோ கசங்கியோ அந்த இடைவெளிக்குள் இருக்க வேண்டும். ஆறரை அங்குலத்திலும் தைக்கலாம், தைத்தவர்களும் இருக்கிறார்கள், தோள்பட்டைதான் பதில் சொல்லும். கட்டில் அளவு வருஷத்துக்கு ஒன்றிரண்டு தைப்பவருக்கு ஒன்பது அங்குலம் நல்ல சமரசம் என்பது என் கருத்து. கருத்துதான், கணக்கல்ல. ஆனால் மேஜையைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. குவில்ட் மேஜை விளிம்பிலிருந்து தொங்கினால் அதன் எடையே துணியை இழுக்கும். தையல் சிறுத்துப் பெருக்கும், ஊசி வளையும், பழி மெஷின் மேல் விழும். மெஷினின் படுக்கை மேஜையோடு மட்டமாக இருக்கும்படி வெட்டி இறக்கி, இடப்பக்கமும் பின்பக்கமும் பலகையை நீட்டிவிடுங்கள். சாதாரண மெஷினில்கூட வித்தியாசம் உடனே தெரியும்.

நூலையும் சொல்லிவிடுகிறேன், பை தைக்கப் போகிறீர்கள் என்பதால். டெக்ஸ் என்ற எண் 1,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். சாதாரணத் தையல் நூல் 30ஐ ஒட்டி. வீட்டு மெஷினில் 40 வரை தொல்லையில்லை. பைக்கடையில் பார்க்கும் பளபளப்பான 70 எண் நைலான் நூல் சில வீட்டு மெஷின்களில் மேல்நூலாக மட்டும் ஓடும், சிலவற்றில் ஓடவே ஓடாது. இது மாடலுக்கு மாடல் மாறும், யாரும் வாய்மொழியாக உத்தரவாதம் கொடுத்தால் நம்பாதீர்கள். அதற்கு மேல் தடித்த நூல் வேண்டுமென்றால் வீட்டு மெஷின் என்ற பேச்சே இல்லை.

"பழைய இரும்பு மெஷின் எதையும் தைக்கும்" என்று இன்னொருவர் உங்களுக்குச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை. வார்ப்பிரும்பு உடம்பு, உலோக உறுப்புகள், கனமான சக்கரம். அந்தச் சக்கரம் சுழலும் வேகமே ஊசியைத் துணிக்குள் தள்ளிவிடும். ஜீன்ஸ் ஓரத்துக்கு அதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. ஆனால் ஃபுட் உயரம் வீட்டு மெஷின் அளவுதான், நகர்வும் கீழ்ப்பல் மட்டும்தான், கை இடைவெளியும் சிறியது. குவில்ட்டுக்கு அது விடையல்ல. வீட்டில் யாரிடமாவது சும்மா கிடந்தால் எண்ணெய் போட்டு, பெல்ட் மாற்றி, பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பவர் மெஷின் வாங்கலாமா என்ற உங்கள் இரண்டாவது கேள்வி. சாதாரண ஒற்றை ஊசிப் பவர் மெஷினில் கை இடைவெளி பத்து அங்குலத்தை ஒட்டி இருக்கும், தையல் அழகு சொல்லி மாளாது. ஆனால் அது நாலடி நீள மேஜையோடு வரும், நேர்த்தையல் தவிர வேறெதுவும் தெரியாது, ஊசியும் வீட்டு மெஷினுக்குப் போடும் தட்டைக் காம்பு ஊசியல்ல. அதிலும் நடுத்தரத் துணிக்கு ஒரு வகை, கெட்டித்துணிக்கு ஒரு வகை என்று ஹூக், பல், தட்டு எல்லாம் வேறு வேறு. கெட்டித்துணி வகையில் குவில்ட்டின் மெல்லிய துண்டுகளை வைத்தால் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். வாங்கினால் சர்வோ மோட்டாரோடு வாங்குங்கள். பெடல் மிதிக்கும்போது மட்டும் ஓடும், வேகத்தை அடக்கி வைக்கலாம். பழைய கிளட்ச் மோட்டார் சும்மா இருக்கும்போதும் இரைந்துகொண்டிருக்கும், பழகாத கைக்கு அது பாய்வது பயமாக இருக்கும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு இனம் உண்டு. நேர்த்தையல் மட்டும் தைக்கும், மேஜையில் தூக்கி வைக்கக்கூடிய, பத்து கிலோவுக்கு மேல் கனக்கும் மெஷின்கள். ஜூக்கியின் டிஎல் (TL) வரிசை அதற்குத் தெரிந்த உதாரணம். எட்டரை அங்குலத்துக்கு இடைவெளி, முழங்காலால் ஃபுட் தூக்கும் வசதி, பல்லை இறக்கும் வசதி, மெதுவாகப் போகும்போதும் குறையாத துளைப்பு. உங்கள் வேலைக் கணக்கைப் பார்த்தால் நான் இந்த இனத்தைத்தான் எடுப்பேன். குவில்ட்டுக்குப் பொருந்தும், ஜீன்ஸுக்கும் நடுத்தரக் கேன்வாஸுக்கும் போதும். ஜிக்ஜாக், காஜா, எலாஸ்டிக் வேலை எதுவும் நடக்காது. அதற்காகத்தான் இப்போது கையில் இருக்கும் மெஷினை விற்க வேண்டாம் என்கிறேன். வீட்டில் ஒரே மெஷினுக்குத்தான் இடம் என்றால், ஒன்பது அங்குல இடைவெளியும் ஜிக்ஜாகும் அழுத்தத் திருகும் உள்ள நல்ல வீட்டு மெஷினை எடுத்து, பையில் மெல்லிய கேன்வாஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பைதான் முக்கியம், குவில்ட் எப்போதாவது என்று மாறினால் என் பதிலும் தலைகீழாகும். அப்போது ஊசி, ஃபுட், பல் மூன்றும் சேர்ந்து நகரும் மெஷின்தான்.

எதை எடுத்தாலும் கடைக்கு ஒரு மூட்டை கட்டிக்கொண்டு போங்கள். ஜீன்ஸில் வெட்டி எடுத்த கீழ் ஓரம், தையல் சேரும் இடத்தோடு. கைப்பிடிக்கு மடிப்பது போல மடித்த கேன்வாஸ். பஞ்சு வைத்த குவில்ட் துண்டு. உங்கள் நூல், புது 100/16 ஊசி. கடைக்காரர் கொடுக்கும் இரண்டு அடுக்கு மொடமொடப்பான துணியில் எந்த மெஷினும் அழகாகத் தைக்கும். ஓரத்தை நன்றாக மடித்து, ஊசி மேட்டின் மேலேயே நிற்கும்படி வைத்து, பெடலை எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக அழுத்துங்கள். முதல் தையலே விழ வேண்டும். மோட்டார் முனகி ஊசி நின்றால் அந்த மெஷின் வேண்டாம். பிறகு மேட்டிலிருந்து இறங்கி வரும் இடத்தைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். தையல் நீளம் முன்னும் பின்னும் ஒன்றுபோல இருக்கிறதா, நூல் கொசகொசவென்று சேர்ந்திருக்கிறதா? குவில்ட்டுக்கு, ஒரே நீளம் வெட்டிய ஒரு மீட்டர் பட்டைகள் இரண்டை நடுவில் பஞ்சு வைத்து, குண்டூசி குத்தாமல், கையால் இழுக்காமல் தைத்துப் பாருங்கள். கடைசியில் மேல்பட்டை எத்தனை மில்லிமீட்டர் மிஞ்சுகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்துகொண்டால் இரண்டு மெஷின்களை ஒப்பிட அதைவிட நேர்மையான எண் கிடையாது. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றால் 110 வோல்ட்டா 220 வோல்ட்டா என்று பின்பக்கச் சீட்டைப் படியுங்கள். இந்த ஒரு தவறால் எரிந்த மோட்டார்கள் என் அலமாரியில் இருக்கின்றன.

தானாக நூல் வெட்டும் பொத்தான் வேண்டுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். சின்னத் துண்டுகளை நூற்றுக்கணக்கில் இணைக்கும்போது சுகம். தடித்த நூலில் அதைப் பயன்படுத்தாதீர்கள், கத்தி மழுங்கி நூல் உள்ளே சிக்கும். அதற்கு ஒரு கத்தரிக்கோலை மெஷினில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் போதும்.